‘தாமிரிகா’ எங்கிருந்து வந்தது? ஒரு கிரேக்க மேற்கோளை ஏடுவரை தேடிச் செல்லும் வழி

தமிழரின் பழங்கடல் வணிகத்தைப் பேசும் கட்டுரைகளில் ஒரு வரி தவறாமல் வரும். ‘கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவர் நம் நாட்டைத் தாமிரிகா என்று குறித்திருக்கிறார். முசிறியை அதன் தலையாய துறைமுகம் என்று எழுதியிருக்கிறார்.’ மேடைகளில் கேட்டிருக்கிறேன், விழா மலர்களில் படித்திருக்கிறேன், நானும் ஒரு கட்டுரையில் அப்படியே எழுதியிருக்கிறேன். எழுதிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த வரியின் மூலத்தைத் தேடிப் போனேன். முதல் நூற்றாண்டு வணிகர், அவருக்கு எண்ணூறு ஆண்டுகள் பிந்திய ஓர் எழுத்தர், அச்சுக் காலப் பதிப்பாசிரியர்கள், 1912ஆம் ஆண்டின் அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் என்று பலருடைய கை அந்த ஒரே வரியில் பட்டிருந்தது. நாம் மேற்கோள் காட்டிவந்தது பெரும்பாலும் கடைசியாகச் சொன்னவரைத்தான்.

கிரேக்க, ரோம உலகத்தைப் பற்றிய ஆய்வுக்கு ஐந்நூறு ஆண்டுகளாகப் பழுத்த ஒரு முறை இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளப் பல்கலைக்கழகத்தில் சேரவேண்டும் என்பதில்லை. ஒரு மேற்கோளை எடுத்துக்கொண்டு, அது வந்த வழியே பின்னோக்கி நடந்தால் அந்த முறையின் பெரும்பகுதி கைவந்துவிடும். மேலே சொன்ன வரியையே எடுத்துக்கொண்டு நடப்போம். இணைய இணைப்பும், குறிப்பேடும், சில மாலைப் பொழுதுகளும் போதும்.

1. முதலில் முகவரியைப் பிடியுங்கள்

திருக்குறளை யாரும் பக்க எண்ணால் மேற்கோள் காட்டுவதில்லை. குறள் எண்ணைச் சொல்கிறோம். எந்தப் பதிப்பை எடுத்தாலும் அது மாறாது. கிரேக்க, லத்தீன் நூல்களுக்கும் அப்படி நிலையான எண்கள் உண்டு. பிளேட்டோவுக்கு இன்றுவரை 1578இல் ஸ்டெஃபானுஸ் அச்சிட்ட பதிப்பின் பக்க எண்களே முகவரி.

நம் மேற்கோள் வரும் நூலின் பெயர் ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளுஸ்’. பெரிப்ளுஸ் என்றால் கரையைச் சுற்றிக் கப்பலோட்டிப் போவது. துறைமுகங்களை வரிசையாகச் சொல்லி, எங்கே என்ன விற்கும், என்ன வாங்கலாம் என்று குறிக்கும் கையேடு இது. மொத்தம் 66 பத்திகள். முசிறி வருவது 53, 54ஆம் பத்திகளிலும் அவற்றை அடுத்தும். இந்த எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ரோம எழுத்தாளர் பிளினியின் ‘இயற்கை வரலாறு’ கொஞ்சம் தொல்லை தரும். அதன் 37 நூல்களுக்கும் பழைய அதிகார எண், புதிய பத்தி எண் என்று இரண்டு எண்முறைகள் புழங்குகின்றன. ஆறாம் நூலில் இந்தியாவுக்குச் செல்லும் கடல்வழியைச் சொல்லுமிடத்தைச் சிலர் 6.26 என்பார்கள், சிலர் 6.101 என்பார்கள். இரண்டும் ஒரே இடம்தான். எண்ணே இல்லாமல், ‘பிளினி சொல்கிறார்’ என்று மட்டும் வரும் மேற்கோளை, எண் கிடைக்கும்வரை எடுத்தாளாதீர்கள்.

2. இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வையுங்கள்

கிரேக்கம் தெரியாதவர் கையிலும் இருக்கும் மிகக் கூர்மையான கருவி இது. ஒரே பத்தியின் இரண்டு மொழிபெயர்ப்புகளை எடுத்துக்கொண்டு, அவை எங்கே பிரிகின்றன என்று மட்டும் பாருங்கள்.

பெரிப்ளுஸுக்கு இணையத்தில் எளிதாகக் கிடைப்பது வில்ஃப்ரெட் ஷாஃப் 1912இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு. பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டதால் எல்லா இடத்திலும் அதுவே பரவியிருக்கிறது. அதனுடன் லயனல் காசன் 1989இல் கிரேக்க மூலத்தோடு வெளியிட்ட பதிப்பை ஒப்பிடுங்கள். நல்ல நூலகங்களில் இருக்கும்.

53ஆம் பத்தியில் இரண்டு இடங்களில் இவர்கள் பிரிகிறார்கள். ஷாஃப் ‘தாமிரிகா’ என்று எழுதுமிடத்தில் காசன் ‘லிமிரிகே’ என்று எழுதுகிறார். முசிறியும் அதை அடுத்த துறையான நெல்கிண்டாவும் இப்போது முதன்மை பெற்றிருக்கின்றன என்கிறார் ஷாஃப். இப்போது இயங்கிக்கொண்டிருப்பவை என்கிற அளவில் காசன் நிறுத்திக்கொள்கிறார். நம் கட்டுரைகளில் வருகிற ‘தாமிரிகா’, ‘தலையாய துறைமுகம்’ இரண்டுமே ஷாஃபின் சொற்கள். யார் சரி என்று மொழிபெயர்ப்புகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தோண்டவேண்டிய இடம் இது என்று அடையாளம் கிடைத்தது, அவ்வளவே.

3. எழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள்

கிரேக்க எழுத்துகள் 24. தமிழின் 247 எழுத்துகளைச் சிறுவயதிலேயே கற்றவர்களுக்கு இது ஒரு வார வேலை. இலக்கணம் வேண்டாம், ஒரு சொல்லை எழுத்துக் கூட்டிப் படிக்கவும், அகராதியில் தேடவும் தெரிந்தால் போதும். கிரேக்கத்துக்கு லிடல், ஸ்காட் இருவரும் 1843இல் தொடங்கிவைத்து, பின்னர் ஜோன்ஸ் திருத்திய பேரகராதி. லத்தீனுக்கு 1879இன் லூயிஸ்–ஷார்ட் அகராதி. இரண்டும் பெர்சியுஸ் என்ற மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லோப் வரிசை நூல்களில் இடப்பக்கம் மூலமும் வலப்பக்கம் ஆங்கிலமும் இருக்கும். பச்சை அட்டை கிரேக்கம், சிவப்பு அட்டை லத்தீன். பிளினி அதில் உண்டு. பெரிப்ளுஸுக்குக் காசனின் பதிப்பைத்தான் நாடவேண்டும்.

இப்போது மூலத்தைத் திறந்து பாருங்கள். முசிறிக்கும் நெல்கிண்டாவுக்கும் வரும் அடைமொழி, ‘செய்’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்த ஒரு பெயரெச்சம்: ‘இப்போது தொழில் நடத்துகிறவை’. முதன்மை, தலைமை என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஷாஃப் சூழலை வைத்து ஊகித்திருக்கிறார். ஊகம் தவறு என்றில்லை. மற்றத் துறைகளிலிருந்து பிரித்துச் சொல்வதால் இவை பெரியவையாக இருந்திருக்கலாம். ஆனால் ‘தலையாயது’ என்று சொன்னவர் கிரேக்க வணிகர் அல்லர்.

நூலின் தலைப்பிலேயே இன்னொரு பள்ளம் இருக்கிறது. ‘எரித்ரா’ என்றால் சிவந்தது. அதனால் தமிழில் ‘செங்கடல்’ என்று பெயர்த்துவிடுகிறோம். பழங்கிரேக்கர் அந்தப் பெயரால் குறித்தது இன்றைய செங்கடலை மட்டுமன்று. பாரசீக வளைகுடாவும் இந்தியப் பெருங்கடலும் சேர்ந்த நீர்ப்பரப்பு முழுவதையும். அகராதியில் ஒரு நிமிடம் செலவிட்டிருந்தால் பல கட்டுரைகள் இந்தப் பள்ளத்தைத் தாண்டியிருக்கும்.

4. பதிப்பின் அடிப்பகுதியைப் படியுங்கள்

ஆய்வுப் பதிப்பு ஒன்றைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். பெரும்பாலோர் தாண்டிப் போவது அதைத்தான். எனக்கோ, பக்கத்திலேயே உயிருள்ள இடம் அது. பதிப்பாசிரியர் மேலே ஒரு சொல்லை அச்சிட்டிருப்பார். ஏட்டில் வேறு சொல் இருந்தது என்பதையும், எந்த அறிஞர் எப்படித் திருத்தச் சொன்னார் என்பதையும் கீழே ஒப்புக்கொண்டிருப்பார்.

உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளைக் கையில் எடுத்தவர்களுக்கு இது புதிதன்று. பாடபேதம், பிரதிபேதம் என்று அவர் குறித்துவைத்ததும் இதையே. புறநானூற்றின் 267, 268ஆம் பாட்டுகள் இருந்த இடத்தில் இன்று வெற்றிடம்தான் இருக்கிறது. வேறு பல பாட்டுகளில் சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளை மதிக்கிற மனம் இருந்தால், கிரேக்கப் பதிப்பின் அடிக்குறிப்பும் விரைவில் பழகிவிடும்.

பெரிப்ளுஸை முதலில் அச்சிட்டவர் கெலேனியுஸ், 1533இல், பாசல் நகரில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முல்லர், ஃபாப்ரிசியுஸ் ஆகியோரின் பதிப்புகள் வந்தன. ஃபாப்ரிசியுஸ் திருத்தங்களில் தாராளமானவர். 1927இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஃபிரிஸ்க் ஏட்டை மீண்டும் நெருங்கிப் படித்து வெளியிட்ட பதிப்பே இன்றைய ஆய்வுக்கு அடித்தளம். காசனும் அதன்மேல் நின்றவர்தான். ஷாஃப் 1912இல் எழுதினார். அதாவது, ஃபிரிஸ்க்குக்கு முந்தியவர். ஒரு மொழிபெயர்ப்பின் ஆண்டை முதலில் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுவே காரணம்.

5. ஏட்டைப் போய்ப் பாருங்கள்

பெரிப்ளுஸ் நமக்கு வந்து சேர்ந்தது ஒரே ஓர் ஏட்டின் வழியாக. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில் ‘பாலட்டினுஸ் கிரேக்கம் 398’ என்ற எண்ணில் இருக்கும் தோல்நூல் அது. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. நூலாசிரியருக்கும் இந்த எழுத்தருக்கும் இடையே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு இடைவெளி. ஏட்டில் பெரிப்ளுஸ் அர்ரியன் என்ற எழுத்தாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே ஏட்டில் அவருடைய கருங்கடல் பெரிப்ளுஸும் இருப்பதால் வந்த குழப்பம். உண்மை ஆசிரியரின் பெயர் நமக்குத் தெரியாது.

இந்த ஏடு பட்ட பாடு சொல்லில் அடங்காது. முப்பதாண்டுப் போரில் ஹைடல்பெர்க் வீழ்ந்தபின், 1623இல் அந்த நூலகம் முழுவதும் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டது. 1797இல் பிரெஞ்சுப் படையினர் தேர்ந்தெடுத்த ஏடுகளோடு இதுவும் பாரிசுக்குப் போனது. நெப்போலியன் வீழ்ந்த பிறகுதான் ஹைடல்பெர்குக்குத் திரும்பியது. வழியில் ஒரு வண்டி கவிழ்ந்திருந்தால், ஒரு கூடம் தீப்பிடித்திருந்தால், முசிறியைப் பற்றிய இந்தப் பத்திகளை இந்த ஏட்டில் பார்த்திருக்க மாட்டோம். ஏட்டின் ஒளிப்படங்களை நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மூன்றாம் கட்டத்தில் கற்ற எழுத்துகளோடு போய்ப் பாருங்கள். கையெழுத்துச் சிற்றெழுத்து ஆகையால் முதலில் திணறும்; முசிறி என்ற பெயரை மட்டுமாவது கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கணத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பதினான்காம் அல்லது பதினைந்தாம் நூற்றாண்டு நகல் ஒன்றும் இருக்கிறது. ஆனால் அது ஹைடல்பெர்க் ஏட்டைப் பார்த்தே எழுதப்பட்டது. மூலம் கையில் இருக்கும்போது அதன் நகலுக்குச் சாட்சி மதிப்பு கிடையாது. ‘இரண்டு ஏடுகளில் இருக்கிறது’ என்று எண்ணிக்கை காட்டும் வாதத்தை எங்கே கண்டாலும், இரண்டாவது முதலாவதன் நகலா என்று கேளுங்கள். ஏடுகளை எண்ணக்கூடாது, எடைபோடவேண்டும்.

6. பாடத்தை எடைபோடுங்கள்

இனி அந்தப் பெயருக்கு வருவோம். ஏட்டில் இருப்பது ‘லிமிரிகே’. லாம்டா, இயோட்டா, மியூ, உப்சிலோன், ரோ, இயோட்டா, காப்பா, ஈட்டா என எட்டு எழுத்துகள். ‘தாமிரிகா’ ஏட்டில் இல்லை.

அப்படியானால் அது கற்பனையா? இல்லை. அதற்குப் பின்னால் நல்ல வாதம் இருக்கிறது. பழைய கிரேக்கப் பேரெழுத்தில், உச்சியில் கூடும் இரண்டு சாய்கோடுகள் லாம்டா. அவற்றின் அடியில் ஒரு கிடைக்கோடு சேர்ந்தால் டெல்டா. அந்த ஒரு கோடு மங்கினால் ‘த’கரம் ‘ல’கரமாகிவிடும். ஓலைச்சுவடியில் புள்ளி இடாத வழக்கத்தால் எகர ஏகாரமும், காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடில்லாததால் எத்தனையோ சொற்களும் மயங்கியதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இரண்டாவது சான்று, வியன்னாவில் இருக்கும் பியூட்டிங்கர் வரைபடம். ரோமப் பேரரசின் சாலைகளைக் காட்டும் பழைய படத்தின் இடைக்கால நகல். ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளம், ஒரு முழத்துக்கும் குறைந்த உயரம். அதில் தென்னிந்தியப் பகுதியில் ‘தமிரிகே’ என்ற பெயர் தகரத்தோடு இருக்கிறது. முசிறியும், அதனருகே அகுஸ்துஸ் கோயில் என்ற குறிப்பும் அதே படத்தில் உண்டு. கி.பி. 700 வாக்கில் ரவென்னாவில் தொகுக்கப்பட்ட ஒரு நிலநூலும் ‘திமிரிகா’ என்கிறது. நெல்லைச் சீமையில் இடையன்குடியில் இருந்து எழுதிய கால்டுவெல், இந்த வரைபடத்தைக் காட்டி, கிரேக்க நூல்களின் லகரம் தகரத்தின் பிழை, பெயர் ‘தமிழ்’ என்பதிலிருந்தே வந்தது என்று வாதிட்டார். வலுவான வாதம்.

எதிர்ப்பக்கத்தையும் அதே கவனத்தோடு கேட்கவேண்டும். இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய தொலெமியின் ‘நிலவியல்’ நூலும் ‘லிமிரிகே’ என்றே சொல்கிறது. இரண்டு வெவ்வேறு நூல்களில், வெவ்வேறு எழுத்தர்களின் கைகளில், அதே எழுத்து அதே பிழையாக மாறியதா? நடக்கக்கூடியதுதான், ஒன்றைப் பார்த்து மற்றொன்றை யாரேனும் திருத்தியுமிருக்கலாம். ஆனால் அது கூடுதலாக ஓர் ஊகம். தவிர, டெல்டா லாம்டாவாக மாறும் என்றால் லாம்டாவும் டெல்டாவாக மாறும். கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் பெயரை எடுத்தவரும் கண் தவறியிருக்கலாம்.

பலரும் கவனிக்காத இன்னொன்று. முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் கிடைப்பது ‘திமிரிகே’. ரவென்னா நூலின் வடிவத்துக்கு அது பொருந்தும். ‘தாமிரிகா’ வரவேண்டுமானால் முதல் உயிரையும் மாற்றவேண்டும். ஆக, ஷாஃபின் சொல் பெரிப்ளுஸ் ஏட்டின் ஓர் எழுத்துத் திருத்தம் மட்டுமன்று; வரைபடத்தின் வடிவத்தை நூலுக்குள் கொண்டுவந்து வைத்தது.

பெயரைவிட முக்கியமானது எல்லை. பெரிப்ளுஸில் ‘லிமிரிகே’ என்பது மேற்குக் கரையின் ஒரு பகுதி. 60ஆம் பத்தியில் கிழக்குக் கரையின் கமரா, பொதுகே, சோபட்மா என்ற துறைகளுக்கு ‘லிமிரிகேயிலிருந்தும் வடக்கிலிருந்தும்’ கப்பல்கள் வருவதாக ஆசிரியர் சொல்கிறார். அப்படியென்றால் சோழக்கரை அவருக்கு லிமிரிகேக்கு வெளியே இருக்கிறது. பெயர் ‘தமிழ்’ என்பதிலிருந்தே பிறந்திருந்தாலும், வேங்கடம் முதல் குமரிவரை என்று நாம் நினைக்கும் தமிழகம் அவர் சொல்லும் நிலப்பரப்பு அன்று.

என் சாய்வைக் கேட்டால், தகரப் பாடமே பழையது என்று நினைக்கிறேன். அறியாத பெயரை எழுத்தர் அறிந்த பெயரின் பக்கம் இழுப்பார் என்பது ஏட்டாய்வின் பழைய விதி. லிக்கியா நாட்டில் லிமிரா என்ற நகரம் கிரேக்கருக்குப் பழக்கமானது. ஆனால் சாய்வைச் சாய்வு என்றே எழுதவேண்டும்.

உறுதியான திருத்தம் எப்படி இருக்கும் என்பதற்கு அடுத்த பத்தியிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 54ஆம் பத்தியில் சேர மன்னரின் பெயர் ஏட்டில் ‘கெப்ரொபோதோஸ்’ என்று இருக்கிறது. தொலெமி ‘கெரொபோத்ரோஸ்’ என்கிறார். பிளினி ‘கேலொபோத்ராஸ்’ என்கிறார். இவர்களுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு கேரளபுத்திரரைக் குறிக்கிறது. மூன்று தனித்தனிச் சான்றுகள், அவற்றில் ஒன்று எவரும் நகலெடுக்காத கல். இங்கே ஏட்டில் எழுத்து சிதைந்திருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

7. பேசுகிறவர் யார், யாரிடம் பேசுகிறார்?

பெரிப்ளுஸின் ஆசிரியர் ‘நம் எகிப்தில் உள்ள மரங்கள்’ என்று ஓரிடத்தில் எழுதிவிடுகிறார். ரோம மாதப் பெயரோடு எகிப்திய மாதப் பெயரையும் தருகிறார். முசிறிப் பக்கம் போகிறவர்கள் ஜூலை மாதத்தில், அதாவது எபிஃபி மாதத்தில், புறப்படவேண்டும் என்பது அவருடைய அறிவுரை. அரேபியாவின் வடமேற்கில் ஆண்ட நபத்தேயரின் மன்னர் மாலிக்கஸைத் தம் காலத்தவராகக் குறிக்கிறார். அந்தப் பெயருடைய மன்னர் கி.பி. 40 முதல் 70 வரை ஆண்டவர். நூலின் காலத்தை முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று கொள்வதற்கு இது முக்கியச் சான்று. சக வணிகருக்காக எழுதுகிற வணிகர் என்பதால், சரக்குப் பட்டியலில் அவரை நம்பலாம். கிழக்குக் கரையைப் பற்றி எழுதும்போது தகவல் மெலிந்துவிடுவதால், அங்கே அவர் கேட்டதை எழுதுகிறார் என்று கொள்வது பாதுகாப்பு.

பிளினி வேறு வகை. கி.பி. 77இல் தம் நூலை இளவரசர் டைட்டஸுக்குக் காணிக்கையாக்கியவர். இரண்டே ஆண்டில் வெசுவியுஸ் எரிமலைச் சீற்றத்தில் இறந்தார். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஸ் என்ற ரோம நாணயங்களை உறிஞ்சுகிறது என்று 6.101இல் சொல்கிறார். 12.84இல் இந்தியா, சீனம், அரேபியா மூன்றும் சேர்ந்து பத்துக் கோடி என்கிறார். நம் ஆடம்பரமும் நம் பெண்களும் நமக்கு வைக்கும் செலவு இவ்வளவு என்று அந்த இடத்திலேயே நொந்துகொள்கிறார். இது சுங்க அதிகாரியின் அறிக்கை அன்று. ஒழுக்கம் குலைகிறதே என்று வருந்தும் மனிதரின் பேச்சு. ‘ரோமின் தங்கமெல்லாம் தமிழகத்துக்கு வந்தது என்று பிளினி அழுதார்’ என்று எழுதுவோர் இரண்டு முறை தவறுகிறார்கள். அவர் சொன்னது இந்தியா முழுவதையும். சொன்னது தம் நாட்டாரைக் கண்டிக்க.

8. எண்களிடம் கூடுதல் எச்சரிக்கை

சொல் சிதைந்தால் பொருள் குழம்பும், கண்டுபிடித்துவிடலாம். எண் சிதைந்தால் இன்னோர் எண் ஆகிவிடும். பிளினியின் ஐந்து கோடி, ஐந்நூறைக் குறிக்கும் ஓர் எழுத்தைச் சுற்றிக் கோடுகள் இட்டு, ‘நூறாயிரத்தால் பெருக்கு’ என்று காட்டும் குறியீடு. எழுத்தர் ஒரு கோட்டைத் தவறவிட்டால் தொகை தலைகீழாகும்.

எனவே எண்ணை இன்னோர் எண்ணோடு மோதவிட்டுப் பாருங்கள். அந்நாளில் ரோமப் படைவீரர் ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டெர்ஸ். ஐந்து கோடி என்றால் ஐம்பத்தைந்தாயிரம் வீரர்களின் சம்பளம். ஏறத்தாழ பதினொரு படையணிகள். பெரிய தொகை. ஆனால் அடுத்த பகுதியில் வரும், பப்பிரசு என்ற நாணல் தாளில் எழுதிய ஆவணத்தில், ஒரே கப்பலின் சரக்குக் கணக்கில் 1,154 தாலந்தும் 2,852 திராக்மாவும் என்று ஒரு தொகை வருகிறது. ஒரு தாலந்து 6,000 திராக்மா. ஆக ஏறத்தாழ 69 லட்சம் திராக்மா. எகிப்தியத் திராக்மா செஸ்டெர்ஸுக்கு இணையானது. அப்படியானால் பிளினியின் ஆண்டுத் தொகை இப்படிப்பட்ட ஏழு கப்பல்களிலேயே முடிந்துவிடும். எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள மியோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போனதாகக் கிரேக்க நிலநூலார் ஸ்திராபோ எழுதுகிறார். கணக்கு ஒட்டவில்லையே!

ஒட்டாத இடத்தில்தான் கற்கிறோம். அதே இடத்தில் பிளினி, இந்தியச் சரக்கு நம்மிடம் நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வது வெளியே போன பணம். பப்பிரசு சொல்வது எகிப்தில் மதிப்பிட்ட விலை. ஆவணமும் பிளினிக்குப் பல பத்தாண்டுகள் பிந்தியது. எல்லாக் கப்பலும் அந்த அளவுக்குச் செல்வம் சுமந்தன என்றும் கொள்ள முடியாது.

தொலைவுகளும் அப்படியே. அதே கரையின் திண்டிஸ் துறையிலிருந்து முசிறி 500 ஸ்டேடியா என்கிறது பெரிப்ளுஸ். ஒரு ஸ்டேடியம் ஏறத்தாழ 185 மீட்டர் என்று கொண்டால் 90 கிலோமீட்டருக்குச் சற்று மேல். உருண்டை எண்ணாக வருவதாலேயே அது அளந்த தொலைவன்று, மாலுமியின் மதிப்பு என்று தெரிகிறது. அதைக் கொண்டு இடத்தை வட்டம் போட்டுக் குறிக்காதீர்கள்.

9. எவரும் நகலெடுக்காத சான்றைத் தேடுங்கள்

பெரிப்ளுஸும் பிளினியும் நகலின் நகலாக வந்தவை. யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு போவதைச் சொல்லும் அகநானூறு 149ஆம் பாட்டும் ஓலைக்கு ஓலை மாறி வந்ததுதான். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மரபுகள் ஒன்றையே சொல்வதால் அவற்றுக்கு வலு கூடுகிறது. ஆனால் அக்காலத்துக் கை எழுதியதே கிடைத்தால் அதன் எடை வேறு.

வியன்னாவில் இருக்கும் முசிறிப் பப்பிரசு அப்படிப்பட்டது. 1985இல் ஹாரவரும் சைபஸ்டைனும் வெளியிட்டார்கள். இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தம் தொடர்பான வாசகம். முசிறியின் பெயர் அங்கே வருகிறது. மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு: கங்கைப் பகுதியின் நளதம் என்ற நறுமணப்பொருள், யானைத் தந்தம். நான்கில் ஒரு பங்கு சுங்கமும் இந்தக் கணக்கில் வருகிறது.

இதைப் படிக்க ஒரு திறவுகோல் வேண்டும். 1931இல் லெய்டன் நகரில் அறிஞர்கள் கூடி வகுத்த குறியீடுகள் அவை. பகர அடைப்புக்குள் இருப்பது, கிழிந்துபோன இடத்தில் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது. வளைந்த அடைப்பு, சுருக்கெழுத்தை விரித்தது. எழுத்தின் அடியில் புள்ளி இருந்தால் அந்த எழுத்து ஐயத்துக்குரியது. மொழிபெயர்ப்புகளில் இந்த அடைப்புகள் பலவேளை உதிர்ந்துவிடும். பதிப்பாசிரியரின் ஊகம் பழைய வணிகரின் வாக்காகிவிடும். ஒரு முக்கியச் சொல் பகர அடைப்புக்குள் இருந்தால், அதன்மேல் எந்த வாதத்தையும் கட்டாதீர்கள். இந்த விதியில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

மண்ணும் பேசும். எகிப்தின் பெரெனிகே அகழாய்வில் ஒரு தாழியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. குசைர் அல்-கதீமில், அதாவது பழைய மியோஸ் ஹோர்மோஸில், தமிழிப் பொறிப்புள்ள பானையோடுகள் கிடைத்தன. கேரளத்தின் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக் கடற்பகுதி மதுச்சாடிகளின் ஓடுகள் ஏராளம். பட்டணமே முசிறி என்று பலர் ஏற்கிறார்கள். ‘முசிறி’ என்று பெயர் பொறித்த ஒன்று அங்கே கிடைத்த பிறகுதான் அதை உறுதி என்று எழுதலாம். பானையோடு வணிகத்தைக் காட்டும்; ஊர்ப்பெயரைக் காட்டாது.

10. எழுதுங்கள்

தேடியதையெல்லாம் கட்டுரையில் கொட்டவேண்டியதில்லை. வாக்கியம் சற்று நீளும், அவ்வளவே. நான் பழைய வரியை இப்படித் திருத்தி வைத்திருக்கிறேன்:

‘முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்தைச் சேர்ந்த பெயரறியாத கிரேக்க வணிகர் எழுதிய பெரிப்ளுஸ் (53), மேற்குக் கரையில் லிமிரிகே என்ற பகுதியின் முதல் வணிகத்துறைகளாக நவ்ராவையும் திண்டிஸையும், அவற்றை அடுத்து அந்நாளில் வணிகம் நடந்துவந்தவையாக முசிறியையும் நெல்கிண்டாவையும் குறிக்கிறது. ஒரே ஏட்டில் கிடைக்கும் இப்பெயரை, பியூட்டிங்கர் வரைபடத்தின் தமிரிகே என்ற வடிவத்தைக் கொண்டு, தமிழ் என்பதன் திரிபாகக் கால்டுவெல் முதலானோர் கருதினர்.’

அடுத்த மாலைக்கு 59ஆம் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்கோய், அதாவது நம் கொற்கை, பாண்டியரின் முத்துக்குளித்துறையாக அங்கே வருகிறது. தண்டனை பெற்றவர்கள் அங்கே முத்துக் குளித்தார்கள் என்கின்றன மொழிபெயர்ப்புகள். அந்த ‘தண்டனை பெற்றவர்கள்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஏடுவரை போய் வாருங்கள்.